ஆறு சந்தா, ஒரு டிவி: திருச்சி வீடு ஒன்றின் ஓராண்டு ஓடிடி கணக்கு

பின்னணி

இது என் அக்கா வீட்டில் நடந்தது. அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் எதுவும் போடவில்லை. திருச்சியில் மாடி வீடு. அக்கா பள்ளி ஆசிரியை, மாமாவுக்கு தனியார் நிறுவனத்தில் வேலை. மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினீயரிங் படிக்கிறான், மகள் எட்டாம் வகுப்பு. மாமாவின் அம்மாவுக்கு 78 வயது, எங்கள் எல்லாருக்கும் அவர் பாட்டி. ஹாலில் 2016இல் வாங்கிய 43 இன்ச் டிவி ஒன்று. இந்த டிவியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

2024 ஜூலை கடைசியில் மாமா வங்கி ஸ்டேட்மென்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "மாப்ள, மாசாமாசம் 649 ரூபாய் எதுக்குப் போகுது, யாருக்குப் போகுதுன்னே தெரியலை, நீ ஒரு தடவை பார்த்துச் சொல்லு" என்றார். நான் அடுத்த தெருவில்தான் இருக்கிறேன், கணக்கு எழுதுவது எனக்குப் பழக்கமும்கூட, அதனால் உட்கார்ந்தோம்.

ஓராண்டு ஸ்டேட்மென்டைப் புரட்டியதில் கிடைத்தது இது. நெட்ஃப்ளிக்ஸ் பிரீமியம், மாதம் 649, ஆண்டுக்கு 7,788 ரூபாய். அமேசான் பிரைம் 1,499. அன்றைக்கு டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் என்று பெயர் இருந்ததில் பிரீமியம் ஆண்டுச் சந்தா இன்னொரு 1,499. மகன் தன் போனுக்காக அதே ஹாட்ஸ்டாரில் தனியாகப் போட்டிருந்த மொபைல் பிளான் 499. இன்னும் இரண்டு செயலிகள், ஒன்று 999, இன்னொன்று பாட்டியின் சீரியலுக்காக 799. இவை போக, தனித்தனியாக வாடகைக்கு எடுத்த ஆறு படங்கள், ஒவ்வொன்றும் 149, ஆக 894. மொத்தம் 13,977 ரூபாய்.

தொகையைச் சொன்னதும் அக்கா நம்பவில்லை. யாரும் ஒரே நாளில் 13,977 ரூபாய் கட்டவில்லை, அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. ஆட்டோபேயில், அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் ஏற்பாட்டில், பணம் எடுப்பதற்கு குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து அமல்படுத்திய விதி. தகவல் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. மாமாவின் போனில் படிக்காத எஸ்எம்எஸ்களுக்கு நடுவில் எல்லாம் அப்படியே கிடந்தன.

எட்டு வாரப் பதிவு

எதை நிறுத்தலாம் என்று அன்றைக்கே பேச்சு தொடங்கிவிட்டது. நான்தான் வேண்டாம் என்றேன். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் நிறுத்தினால், குரல் பெரிதாக உள்ளவர் கேட்டது மட்டும் மிஞ்சும். அதனால் டிவி பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கவிட்டோம். பார்த்தவர் யார், எந்தச் செயலி, என்ன படம், எவ்வளவு நேரம், அவ்வளவுதான். மகள்தான் பொறுப்பு. ஆகஸ்டும் செப்டம்பரும் ஓடின.

நோட்டில் முதலில் கண்ணில் பட்டது, பார்த்த நேரம் இல்லை, தேடிய நேரம். இரவு சாப்பிட்டுவிட்டு எல்லாரும் உட்கார்வார்கள், ரிமோட் கை மாறும், ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குப் போவார்கள், இருபது நிமிடம் அரை மணி ஓடிவிடும், அப்புறம் "நேரமாயிடுச்சு, நாளைக்குப் பார்க்கலாம்" என்று எழுந்துவிடுவார்கள். மகள் அந்த நாட்களில் "தேடினோம், பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தாள். எட்டு வாரத்தில் அப்படி 13 இரவுகள்.

பாட்டி பெரும்பாலும் பார்த்தது பழைய கருப்பு வெள்ளைப் படங்கள், அதுவும் யூடியூபில். தயாரிப்பு நிறுவனங்களும் உரிமை வைத்திருப்பவர்களும் தங்கள் சேனலிலேயே முழுப் படத்தைப் போட்டு வைத்திருக்கிறார்கள், அதற்குச் சந்தா எதுவும் வேண்டாம். அது போக, கோவிலுக்குப் போய்விட்ட நாட்களில் விட்டுப்போன சீரியலை மறுநாள் காலை அந்த 799 ரூபாய் செயலியில் பார்த்துவிடுவார். டிவிக்கான சந்தாக்களில் விலை குறைந்ததுதான் அடிக்கடி ஓடியது.

மாமாவுக்குக் கிரிக்கெட். போட்டி இல்லாத வாரங்களில் ஹாட்ஸ்டாரைத் திறக்கவே இல்லை. வாடகைப் படங்களைப் பற்றி நோட்டில் ஒன்றும் இல்லை, ஆனால் பழைய ஆறு படங்களின் பெயரையும் ஜஸ்ட்வாட்ச் தளத்தில் போட்டுப் பார்த்தேன், எந்தப் படம் இந்தியாவில் எந்தச் செயலியில் இருக்கிறது என்று அதில் தெரியும். ஆறில் இரண்டு, ஏற்கெனவே பணம் கட்டியிருந்த இன்னொரு செயலியிலேயே இருந்தன. 298 ரூபாய், ஒரு நிமிடம் தேடாததற்கு.

அப்புறம் டிவி. அது முழு எச்டி டிவி, அதாவது 1080பி. நெட்ஃப்ளிக்ஸ் பிரீமியத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது முக்கியமாக 4கே படத் தரத்துக்கும், ஒரே நேரத்தில் நான்கு திரைக்கும். 4கே காட்டவே முடியாத டிவியில் அதற்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். நான்கு திரை என்பதையாவது ஹாஸ்டலில் இருக்கும் மகனை நினைத்து எடுத்தார்கள், சரி. ஆனால் 2023 ஜூலையிலேயே, ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் என்று நெட்ஃப்ளிக்ஸ் இந்தியாவிலும் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த நான்கு திரைக்கும் வேலை இல்லை. பிளானை மட்டும் யாரும் மாற்றவில்லை.

படம் மங்கலாகத் தெரிகிறது, நடுநடுவே நின்று சுற்றுகிறது என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார், பிரீமியத்துக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாம். போய்ப் பார்த்தால் ரவுட்டர் மாடி அறையில் இருக்கிறது, டிவி கீழே ஹாலில், நடுவே கான்கிரீட் தளம். 1080பி படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்பது 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்) இணைய வேகம்தான். வீட்டு இணைப்பு 100 எம்பிபிஎஸ், ஆனால் டிவிக்கு வந்து சேர்ந்தது சில நேரம் 3கூட இல்லை. மாடியிலிருந்து ஒரு லேன் கேபிள் இறக்கி டிவியில் நேராகச் செருகினோம். சில நூறு ரூபாய் செலவு. அன்று இரவிலிருந்து அந்தப் புகார் வரவில்லை. தரம் சரியில்லை என்று பிளானை உயர்த்துவதற்கு முன்னால், டிவிக்கு வேகம் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள், இதை நான் யார் கேட்டாலும் சொல்வேன்.

கடைசியாக, பிராட்பேண்ட் பில்லைப் பொறுமையாகப் படித்தபோது தெரிந்தது, அந்த 999 ரூபாய் செயலி பிராட்பேண்ட் பிளானிலேயே சேர்ந்து வருகிறது. பதிவு செய்த மொபைல் எண்ணைக் கொடுத்து உள்ளே போனால் போதும். ஒன்றரை வருடமாக யாரும் போகவில்லை.

சரஸ்வதி பூஜை அன்று எடுத்த முடிவுகள்

2024 அக்டோபர் 11, சரஸ்வதி பூஜை விடுமுறை. மகனும் ஊருக்கு வந்திருந்தான். சுண்டல் தட்டோடு எல்லாரும் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தோம்.

பிரைம் இருக்கட்டும் என்று முடிவானது, வீட்டுக்குப் பொருள் வாங்குவதற்கும் அதுதான் பயன்படுகிறது. பாட்டியின் 799 ரூபாய் செயலியைத் தொடக்கூடாது, இதில் மாமா உறுதியாக இருந்தார். ஹாட்ஸ்டார் பிரீமியம் டிசம்பர் நடுவில் முடிகிறது, புதுப்பிக்க வேண்டாம், ஐபிஎல் நேரத்தில் மூன்று மாதத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மகனின் மொபைல் பிளானும் வேண்டாம், அவன் ரீசார்ஜோடு வருவதே போதும் என்றான். 999 ரூபாய் செயலியின் தனிச் சந்தாவை ரத்து செய்தோம்.

நெட்ஃப்ளிக்ஸை முழுவதுமாக நிறுத்துவது என்று முடிவெடுத்தோம். நோட்டின்படி எட்டு வாரத்தில் டிவியில் அது ஓடியது மொத்தம் ஒன்பது மணி நேரம். பள்ளி விடுமுறை மாதங்களில் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அக்கா "சரிடா, அப்படியே பண்ணு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ரத்து செய்வதிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியிருந்தது. மகன் போனிலிருந்து 999 ரூபாய் செயலியை நீக்கிவிட்டு, ரத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தான். செயலியை நீக்கினால் சந்தா போகாது. பிளே ஸ்டோர் வழியாகப் போட்ட சந்தாவை பிளே ஸ்டோரின் சந்தாப் பக்கத்தில்தான் ரத்து செய்ய வேண்டும். யூபிஐ ஆட்டோபே வழியாகப் போனதை, முதலில் அந்தந்தச் செயலியின் கணக்கில் நிறுத்திவிட்டு, பிறகு யூபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து அங்கேயும் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டோம்.

தேடித் தேடியே தூங்கப் போவதை நிறுத்த, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள். பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றினாலும் படத்தின் பெயர், எங்கே இருக்கிறது, எத்தனை நிமிடம் என்று எழுதிவிட வேண்டும். சனிக்கிழமை இரவு அந்தத் தாளிலிருந்துதான் படம், வாரம் ஒருவர் தேர்வு. எங்குமே இல்லாத படத்துக்கு மட்டும் வாடகை. புதுத் தமிழ்ப் படம் என்றால் பெரும்பாலும் தியேட்டருக்கு வந்து நான்கு வாரத்தில் ஏதாவது ஒரு ஓடிடிக்கு வந்துவிடுகிறது, வந்த அன்றே பார்க்க வேண்டும் என்று ஒரு சந்தா போடுவதை நிறுத்தினாலே பாதி செலவு குறையும் என்பது என் கருத்து, மகன் இன்றுவரை இதை ஒப்புக்கொள்ளவில்லை.

தீபாவளி வாடகைப் படம்

முதல் சறுக்கல் தீபாவளிக்கே வந்தது. அக்டோபர் 31, வியாழக்கிழமை. சனிக்கிழமை மாலை மாமாவின் தங்கை குடும்பத்தோடு வருகிறார், எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்று 149 ரூபாய்க்கு ஒரு படம் வாடகைக்கு எடுத்தார்கள். வியாழன் மதியம், தமிழ் ஆடியோ வருகிறதா என்று பார்க்க மகன் ஒரு இரண்டு நிமிடம் ஓடவிட்டான். நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

வாடகைப் படத்துக்குப் பொதுவாக இரண்டு கெடு உண்டு. எடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். தொடங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், இரண்டு நிமிடம் ஓடவிட்டாலும் தொடங்கியதுதான். சனிக்கிழமை மதியத்தோடு கெடு முடிந்துவிட்டது. மாலையில் வீடு நிறைய ஆட்கள், டிவியில் மறுபடி பணம் கேட்டது. மாமா கட்டிவிட்டார், ஆனால் பையன் முகம் வாடிவிட்டது. ஆடியோ, சப்டைட்டில் எந்த மொழியில் இருக்கின்றன என்பது பணம் கட்டும் முன்பே படத்தின் விவரப் பக்கத்தில் இருக்கும், அங்கே பார்த்தால் போதும். அதற்குப் பிறகு எல்லாரும் உட்கார்ந்த பின்தான் வாடகைப் படத்தைத் தொடுகிறார்கள்.

அக்கா சொன்னது

நவம்பர் மூன்றாவது வாரம். ஏதோ வேலையாகப் போயிருந்தேன், அக்கா அடுப்படியில் இருந்தாள். "எல்லாருக்கும் கணக்குப் போட்டியே, எனக்குப் போட்டியாடா?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை.

அவள் ஹால் டிவியில் எதுவுமே பார்ப்பதில்லை. பள்ளி விட்டு வந்து, சமையல், பாட்டிக்கு மாத்திரை, மகளுக்குப் பாடம், மறுநாள் நோட்டுத் திருத்தம், எல்லாம் முடிந்து இரவு 11 மணிக்கு ஹெட்போன் போட்டுக்கொண்டு போனில் ஒரு தொடரை அரை மணி நேரம் பார்ப்பாள். ஒரு எபிசோடை இரண்டு நாளாகப் பார்ப்பாள். அது நெட்ஃப்ளிக்ஸில் இருந்தது. ஒரு தொடரின் நடுவில் இருந்தபோதுதான் நாங்கள் நிறுத்தியிருக்கிறோம். மூன்று வாரமாக ஒன்றும் சொல்லவில்லை.

நெட்ஃப்ளிக்ஸில் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் எந்தத் தேதியில் எதைப் பார்த்தார்கள் என்ற பட்டியல் கணக்குப் பக்கத்தில் கிடைக்கும். நிறுத்தும் முன்பு அதை ஒரு முறை திறந்திருந்தால் தெரிந்திருக்கும். நோட்டைத் தொங்கவிட்டது நான், டிவி பக்கத்தில் தொங்கவிட்டது நான். டிவி முன்னால் உட்கார நேரம் கிடைத்தவர்கள்தான் அதில் பதிவானார்கள். வீட்டில் ஓய்வே இல்லாத ஒருத்திக்கு இருந்த அரை மணி நேரம் அந்தக் கணக்கில் பூஜ்யமாக வந்திருக்கிறது. அன்று எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, இப்போது எழுதும்போதும்தான்.

திருத்திய ஏற்பாடு

அடுத்த வாரமே மாற்றினோம். அக்கா பார்ப்பது போனில், அதற்கு நெட்ஃப்ளிக்ஸின் 149 ரூபாய் மொபைல் பிளான் போதும். ஒரே நேரத்தில் ஒரு போன் அல்லது டேப், 480பி தரம், டிவியில் வராது. டிவியில் வராது என்பதே இங்கே நல்லதாகப் போனது, யாரும் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. அரையாண்டு விடுமுறை வரும் டிசம்பரிலும் கோடை விடுமுறை மே மாதத்திலும் மட்டும் 499 ரூபாய் ஸ்டாண்டர்ட் பிளான், அதில் 1080பி, இரண்டு திரை. டிசம்பர் 1 அன்று ஸ்டாண்டர்டில் மறுபடி தொடங்கி, ஜனவரியில் மொபைலுக்கு இறக்கினோம். பழைய புரொஃபைலும் நின்ற இடமும் அப்படியே இருந்தன, ரத்து செய்து சில மாதத்துக்குள் திரும்பினால் அவை இருக்கும். பிளானை மேலே ஏற்றினால் உடனே மாறும், கீழே இறக்கினால் அடுத்த பில் தேதியில்தான் மாறும், அதனால் மாத முதலிலேயே இறக்கச் சொல்லி வைத்துவிட வேண்டும்.

அடுத்து வந்த மாதங்கள்

2025 பிப்ரவரி 14 அன்று ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனது. ஐபிஎல் மார்ச் 22 தொடங்கியது, அதற்கு இரண்டு நாள் முன்பு 299 ரூபாய் கட்டி மூன்று மாத சூப்பர் பிளான் எடுத்தார் மாமா. மே மாதம் போட்டிகள் ஒரு வாரம் நின்று, இறுதிப் போட்டி ஜூன் 3க்குத் தள்ளிப்போனபோதுகூட அந்த மூன்று மாதத்துக்குள் அடங்கிவிட்டது.

மகனுக்கு ஹாஸ்டலில் டேட்டா பற்றாக்குறை. எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும், இரண்டரை மணி நேரப் படம் ஒன்றுக்கே அவனுடைய தினசரி 2 ஜிபி எந்த மூலைக்கு. ஊருக்கு வரும்போது வீட்டு வைஃபையில் பிரைமிலிருந்து இரண்டு மூன்று படங்களை இறக்கிக்கொண்டு போகிறான். இறக்கிய படத்துக்கும் கெடு உண்டு என்பதை ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டான்.

ஜூன் 17 முதல் பிரைம் வீடியோவில் விளம்பரம் வரத் தொடங்கியது. விளம்பரம் இல்லாமல் பார்க்க ஆண்டுக்கு 699 கூடுதல். மாமாவுக்கு எரிச்சல்தான், இருந்தாலும் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பாட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அந்த நேரத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுவார்.

2024 நவம்பர் முதல் 2025 அக்டோபர் வரை கட்டியதைக் கூட்டினேன். பிரைம் 1,499, பாட்டியின் செயலி 799, ஜியோஹாட்ஸ்டார் 299, நெட்ஃப்ளிக்ஸ் இரண்டு மாதம் ஸ்டாண்டர்ட் 998, ஒன்பது மாதம் மொபைல் 1,341. வாடகைப் படங்களுக்கு ஐந்து முறை கட்டியது 645, தீபாவளிக்கு இரண்டாம் முறை கட்டியதையும் சேர்த்து. மொத்தம் 5,581 ரூபாய். முன்பைவிட 8,396 குறைவு. சனிக்கிழமைப் படம் பெரும்பாலான வாரங்களில் நடந்தது, பரீட்சை மாதங்களில் நின்றது. பாட்டி தேர்வு செய்த வாரங்களில்தான் கூட்டம் அதிகம், பக்கத்து வீட்டிலிருந்தும் வருவார்கள்.

திரும்பச் செய்தால்

முதல் நாளே நோட்டை டிவி பக்கத்தில் தொங்கவிட மாட்டேன். ஒவ்வொருவரிடமும் தனியாக, மற்றவர்கள் இல்லாதபோது, நீ எப்போது பார்க்கிறாய், எதில் பார்க்கிறாய் என்று கேட்பேன். எல்லாரும் சேர்ந்து உட்காரும் இடத்தில் "சரி" என்று சொல்லிவிடுகிறவர்களிடம் முக்கியமாக. ஒவ்வொரு செயலியிலும் பார்த்தவற்றின் பட்டியலை அவரவர் சம்மதத்தோடு திறந்து பார்த்த பிறகுதான் எதையும் நிறுத்துவேன்.

ஆட்டோபே தகவல்கள் ஒரே போனுக்கு வருவதையும் மாற்றியிருக்க வேண்டும். இப்போது புதுப்பிக்கும் தேதிகள் எல்லாம் சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையில் இருக்கின்றன, எழுதுவது மகள். அவற்றில் ஒவ்வொரு மாதமும் வரும் 149க்கு எதிரே "அம்மா, தொடாதே" என்று எழுதி வைத்திருக்கிறாள்.